அங்கோரா முயலின் முடி: வளர்ப்பு, வெட்டு, நூற்பு

கம்பளி நூல் விற்கும் கடையில் ‘அங்கோரா’ என்று எழுதிய கண்டை எடுத்துப் பார்ப்பவர்களில் பலர் அதை ஆட்டு முடி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. துருக்கியின் தலைநகரான அங்காராவுக்கு ஐரோப்பியர் வழங்கிய பழைய பெயர் அங்கோரா. நீண்ட முடியுள்ள ஆடு, பூனை, முயல் ஆகிய மூன்றுமே அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கின்றன. ஆனால் வணிக வழக்கு வேறு. அங்கோரா ஆட்டின் முடிக்கு மொஹேர் என்று பெயர். அங்கோரா முயலின் முடிக்குத்தான் அங்கோரா என்று பெயர். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் அடிமுடி பஷ்மினா. மூன்றும் மென்மையானவைதாம் என்றாலும் ஒரே கூடையில் போடத் தக்கவை அல்ல. மொஹேர் பளபளப்பும் உறுதியும் உடையது. வளர்ந்த ஆட்டில் அதன் இழைப் பருமன் 30 மைக்ரானைத் தாண்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பஷ்மினாவும் அங்கோராவும் 12 முதல் 16 மைக்ரான் அளவில் நிற்பவை. பஷ்மினாவுக்கு 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொடும் பனியும் வேண்டும். அங்கோராவுக்கோ குளிர்ந்த ஊரில் ஒரு கூண்டும், கூரான ஒரு கத்தரியும், வாரம் தவறாத சீப்பும் இருந்தால் போதும்.

பணியின் பொருட்டு இமாசலப் பிரதேசத்தின் குல்லுப் பள்ளத்தாக்கில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் நான் இந்த வேலையைக் கற்றேன். அந்தப் பகுதியில் அங்கோரா முயல் புதுமை அன்று. மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் வடக்குக் கிளை குல்லுவை அடுத்த கார்சாவில் இயங்குகிறது. ஜெர்மன் அங்கோரா முயல்களை அங்கே நெடுங்காலமாக வளர்த்து வருகிறார்கள். குல்லுத் தறிகளில் சால்வைக்கும் மஃப்ளருக்கும் அங்கோரா நூல் ஊடையாக ஏறுகிறது. அங்கே பார்த்ததையும், செய்து தவறியதையும், பிறகு சரியாகச் செய்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

வெயிலும் இடமும்

முயலுக்கு வியர்வை கிடையாது. உடலின் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது வெளியேற்ற வேண்டும். அந்த உடலின்மேல் ஆறேழு சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்றைச் சிறைப்பிடிக்கும் முடியும் போர்த்தியிருக்கிறது என்றால், வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அதன் நிலைமை என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தீவனத்தைக் குறைக்கும், முடி வளர்ச்சி மந்தமாகும், ஆண் முயல்கள் தற்காலிகமாக மலடாகும், இன்னும் ஏறினால் இறந்துபோகும். அதற்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 20 பாகை வரை. ஆகவே மதுரையிலோ திருச்சியிலோ மின்விசிறியை நம்பி அங்கோரா வளர்க்க எண்ணுபவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மலை ஊர்களில் இருப்பவர்கள் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மேற்சொன்ன ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே பெயர் பெற்றவை ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல்கள்; அவை குட்டை முடி இனங்கள். அவற்றை அங்கோரா என்று எண்ணி வாங்கிவிட்டு, முடி வளரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நீண்ட முடி என்பது பின்னடைவுப் பண்பு. சாதாரண முயலின் முடி ஐந்து வாரம் போல வளர்ந்து நின்றுவிடும். அங்கோராவில் அந்த வளர்ச்சிக் காலம் ஏறத்தாழ 14 வாரம் வரை நீள்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டி நீள முடியோடு பிறக்கும். அங்கோரா ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் குட்டை முடியோடுதான் வரும். ‘பாதி அங்கோரா’ என்று யாராவது விற்க வந்தால் கம்பளிக்காக அதை வாங்க வேண்டாம்.

எந்த இனம்

இங்கிலீஷ் அங்கோராதான் படங்களில் அதிகம் காணப்படுவது: முகம், காது, கால் எல்லாவற்றிலும் குஞ்சம் குஞ்சமாக முடி, கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். எடை 2 முதல் 3.5 கிலோ. முடி பட்டுப் போன்றது; அதனாலேயே எளிதில் சிக்குப் பிடிக்கும். பார்க்க அழகு, பராமரிக்கத் தொல்லை என்பது என் கருத்து. பிரெஞ்சு அங்கோராவின் முகமும் காதுகளும் வழுவழுப்பாக இருக்கும், எடை 3.5 முதல் 4.5 கிலோ, மேல்முடி சற்று அதிகம் என்பதால் சிக்கு குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு இது பொறுமையைச் சோதிக்காத இனம். சாட்டின் அங்கோராவின் முடி கண்ணாடிபோல ஒளிரும், விளைச்சல் குறைவு. அமெரிக்காவில் ஜெர்மன் இனத்தைக் கொண்டு உருவாக்கிய ஜெயண்ட் அங்கோரா 4.3 கிலோவுக்கு மேல் எடை கொண்டது.

கம்பளிக்காகவே வளர்ப்பதாக இருந்தால் ஜெர்மன் அங்கோராவை எந்த இனமும் மிஞ்சுவதில்லை. நன்றாகப் பேணினால் ஒரு முயலிடமிருந்து ஆண்டுக்கு ஒரு கிலோ அளவுக்கு முடி கிடைக்கும். பெண் முயல்கள் ஆணைவிடச் சற்று அதிகமாகவே தரும். இந்த இனம் தானாக முடி உதிர்ப்பதில்லை என்பதை வாங்குமுன் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உதிர்க்காத முடியை நாம்தான் வெட்டியாக வேண்டும்; வெட்டாமல் விட்டால் அது சடையாகித் தோலை இழுத்துப் புண்ணாக்கும். ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லக்கூடிய வீடுகளுக்கு இந்த முயல் ஏற்றதன்று.

கூண்டும் தீவனமும்

ஒவ்வொரு முயலுக்கும் தனிக் கூண்டு வேண்டும். இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்றன் முடியை ஒன்று மெல்லும். உரசலில் முடி கம்பளித் துணிபோல் திரண்டுவிடும். கூண்டின் தளம் கம்பி வலையாக இருந்தால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்து முடி சுத்தமாக இருக்கும். ஆனால் கம்பியிலேயே நாள் முழுவதும் நிற்கும் முயலுக்குப் பின்னங்காலில் புண் வரும் என்பதால், ஒரு மூலையில் பலகைத் துண்டு ஒன்று போட்டு, அதை வாரம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாற்ற வேண்டும். வைக்கோலை முயலின் தலைக்கு மேலிருந்து உருவித் தின்னும்படி மாட்டக் கூடாது. தூளும் துரும்பும் கழுத்து முடியில் இறங்கிவிட்டால், அவற்றை எடுக்கும் வேலை நூற்கும் வேலையைவிட நீளும். தீனித் தட்டும் புல்லும் மார்பு உயரத்தில் இருப்பது நல்லது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் தாடை முடி நனைந்து பாசி பிடிக்கும். குழாய் முனையுள்ள புட்டியே சரி.

முடி என்பது முழுக்கவும் புரதம். அதிலும் கந்தகம் சேர்ந்த புரதம். ஆகவே குச்சித் தீவனத்தில் புரதம் 16 விழுக்காடு அளவிலும், மெத்தியோனின், சிஸ்டின் ஆகிய கந்தக அமினோ அமிலங்கள் இரண்டும் சேர்ந்து 0.8 விழுக்காடு அளவிலும் இருக்கும்படி பார்த்து வாங்க வேண்டும். நாளொன்றுக்கு 150 முதல் 180 கிராம் போதும். அதைவிட முக்கியம் காய்ந்த புல். அது எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். குதிரைமசால், முயல்மசால் போன்ற பயறுவகைத் தழைகளை வாட்டிக் கொடுக்கலாம். சவுண்டல் தழையை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: சவுண்டலில் உள்ள மைமோசின் என்னும் பொருள் அளவு மீறினால் கால்நடையின் முடியைக் கொட்டச் செய்யும். பிரான்சில் இதே குணத்தைப் பயன்படுத்தி, முடி எடுக்கும் காலத்தில் வேரைத் தளர்த்துவதற்காக மைமோசின் உள்ள தீவனத்தைக் கணக்காகக் கொடுப்பது உண்டு. அந்தக் கணக்கு நம் கையில் இல்லாதபோது அந்தத் தழையும் வேண்டாம்.

புல்லை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், முயல் தன்னைத்தானே நக்கும்போது முடியை விழுங்குகிறது. பூனையைப் போல அதை வாந்தி எடுக்க அதனால் முடியாது. நார் மிகுந்த புல் குடலை ஓட்டத்தில் வைத்திருந்தால் முடி புழுக்கையோடு வெளியேறிவிடும். நின்றுவிட்டால் வயிற்றில் திரண்டு உயிருக்கே உலையாகும். வாரம் ஒரு நாள் பட்டினி போடும் பழக்கம் அங்கோரா வளர்ப்பவர்களிடம் உண்டு. முழுப் பட்டினி எனக்கு ஒப்புதல் இல்லை. அன்று குச்சித் தீவனத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் தாராளமாக வைப்பேன். காலையில் கூண்டுக்கு அடியில் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். புழுக்கைகள் சிறுத்தோ, முடியிழையில் மணி கோத்ததுபோல் ஒன்றோடொன்று தொடுத்தோ கிடந்தால் அது எச்சரிக்கை. ஒரு வேளை முழுவதும் தின்னாமல் முயல் மூலையில் குந்தியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

சீப்பு

வெட்டிய முதல் மாதம் சீப்பே வேண்டியதில்லை. முடி குட்டையாக இருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு முறை சீவ வேண்டும். இங்கிலீஷ் இனமாக இருந்தால் இரண்டு முறை. நெருங்கிய பல் கொண்ட சீப்பால் தொடங்குவது புதியவர்கள் செய்யும் தவறு. அது நல்ல முடியையும் பிடுங்கி எடுத்துவிடும். முதலில் வாயால் ஊத வேண்டும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. முயலை மடியில் வைத்து முதுகில் ஊதினால் முடி பூப்போல விரிந்து, நடுவில் இளஞ்சிவப்புத் தோல் சின்ன வட்டமாகத் தெரியும். தோல் தெரிந்தால் அங்கே சிக்கு இல்லை. தெரியாத இடத்தில் சிக்கு இருக்கிறது. அங்கோரா வளர்ப்பவர்கள் சிலர் இதற்காகவே காற்றூதும் கருவி வைத்திருக்கிறார்கள். சிக்கு அதிகம் விழுவது காதின் பின்புறம், கழுத்தடி, முன்கால் அக்குள், பின்தொடை ஆகிய நான்கு இடங்களில். அங்கே விரலால் பிரித்து, பிரியாததை மட்டும் கத்தரியின் முனையால் நீளவாக்கில் இரண்டாகக் கீறி, பிறகு பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து அடியை நோக்கிச் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். நனைக்கவே கூடாது. நனைந்த அங்கோரா முடி உரசினால் பிரிக்க முடியாத கட்டியாகும். முயலைக் குளிப்பாட்டும் எண்ணம் ஒருவருக்கும் வர வேண்டாம்.

சீவும்போதே காதின் உட்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். பழுப்பு நிறத்தில் பொருக்கு தெரிந்தால் காதுச் சொறி. அது உண்ணியினத்துச் சிற்றுயிரால் வருவது, அடுத்த கூண்டுக்கும் பரவும்.

வெட்டு

அங்கோரா முடி மாதத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் வளர்கிறது. குட்டி இரண்டு மாதம் ஆனதும் முதல் வெட்டு. அந்த முடி குட்டையாகவும் ஒழுங்கற்றும் இருக்கும், நூலுக்கு அவ்வளவாக உதவாது, ஆனாலும் வெட்டியாக வேண்டும். அதன் பிறகு 75 முதல் 90 நாளுக்கு ஒரு முறை. அளவுகோலை முதுகில் வைத்துப் பார்த்து ஆறு சென்டிமீட்டரைத் தாண்டியதும் நாள் குறித்துவிடலாம். இன்னும் பத்து நாள் விட்டால் இன்னும் நீளம் கிடைக்குமே என்ற ஆசை வரும். அந்தப் பத்து நாளில் கூடும் நீளத்தைவிடச் சிக்கில் போகும் முடிதான் அதிகம்.

வெட்டுவதா, பறிப்பதா என்ற கேள்வி பழையது. பிரெஞ்சு, இங்கிலீஷ் இனங்களில் முடி தானாகத் தளரும் காலம் வரும். அப்போது விரலால் மெல்ல இழுத்தால் வலியின்றிக் கையோடு வந்துவிடும். அப்படி எடுத்த முடியில் வெட்டுமுனை இல்லாததாலும், நீண்ட மேல்முடி கலந்திருப்பதாலும் நூலில் பூம்பஞ்சு போன்ற ஒளிவட்டம் நன்றாக எழும். ஆனால் தளராத முடியைப் பிடுங்குவது கொடுமை. 2013இல் சீனப் பண்ணைகளில் முயல்களைக் கட்டிவைத்து முடியைப் பிடுங்கும் காணொளி ஒன்றை விலங்குரிமை அமைப்பான பீட்டா வெளியிட்டபோது, உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் பலவும் அங்கோரா விற்பனையை நிறுத்தின. உலகச் சந்தைக்கு வரும் அங்கோராவின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவதால், கடைக்கண்டை வாங்கும்போது எந்த நாட்டு முடி, எப்படி எடுத்தது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நாம் வளர்ப்பது ஜெர்மன் இனம் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை: கத்தரிதான்.

இனி வேலை. வெயில் உள்ள நாளின் காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இடுப்பு உயர மேசையில் சாக்கை விரித்து, அதன்மேல் முயலை வைத்து, பக்கத்தில் மூன்று அட்டைப் பெட்டிகளை வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கத்தரி 15 சென்டிமீட்டர் நீளமும் மழுங்கிய முனையும் கூரான வாயும் கொண்டதாக இருக்கட்டும். துணி வெட்டிய கத்தரியால் ஒரு முறை காகிதம் வெட்டினாலே வாய் போய்விடும் என்று தையல்காரர் கோபிப்பதுபோல, முடிக் கத்தரியை வேறு எதற்கும் தொடக் கூடாது. மின்கருவியாலும் வெட்டலாம், சத்தத்துக்கு முயல் பழக வேண்டும்.

முதலில் முதுகின் நடுவில், கழுத்திலிருந்து வால் வரை சீப்பால் வகிடு எடுக்க வேண்டும். வகிட்டின் ஒரு பக்கம் தொடங்கி, விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக, கத்தரியைத் தோலுக்கு இணையாகப் படுக்கவைத்து வெட்டிக்கொண்டே வயிற்றை நோக்கி இறங்க வேண்டும். இங்கேதான் கை பழக வேண்டிய இடம் இருக்கிறது. முடியைப் பிடித்து மேலே தூக்கி வெட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நம் தலைமுடியை அப்படித்தானே வெட்டுகிறார்கள். முயலின் தோல் காகிதம்போல மெல்லியது, உடலோடு ஒட்டாமல் தளர்ந்திருப்பது. முடியைத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழும்பி, கத்தரியின் வாய்க்குள் வந்துவிடும். முடியைத் தூக்காமல், இடக்கை விரல்களால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பரப்பிப் பிடித்து, பரந்த தோலின்மேல் கத்தரியை ஓட்ட வேண்டும். நான் முதல் முறை வெட்டியபோது இடுப்புப் பக்கம் ஒரு நெல் நீளத்துக்குத் தோல் கிழிந்தது. முயல் கத்தவில்லை, துடிக்கவில்லை; வெள்ளை முடியில் சிவப்பு பரவியபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்படி நேர்ந்தால் பொவிடோன் அயோடின் தடவிவிட்டு, அன்று அந்தப் பக்கத்தை நிறுத்திவிட வேண்டும். காயம் பெரிதென்றால் மருத்துவர் தையல் போட வேண்டியிருக்கும்.

ஒரு வரிசையை ஒரே வெட்டில் எடுக்க வேண்டும். மேலே பாதி, கீழே பாதி என்று இரண்டு முறை வெட்டினால் இரண்டாவது துணுக்குகள் ஒரு சென்டிமீட்டர் பொடியாக விழுந்து நல்ல முடியோடு கலந்துவிடும். நூற்கும்போது அவை அத்தனையும் முடிச்சாக வந்து நிற்கும். தோலோடு மழிக்கவும் வேண்டியதில்லை. கோடையில் அரை சென்டிமீட்டரும் குளிர்காலத்தில் ஒரு சென்டிமீட்டரும் விட்டுவைக்கலாம். முதுகும் இரு பக்கங்களும் முடிந்தபின் கழுத்து, தொடை, கடைசியில் வயிறு. வயிற்றுக்கு வரும்போது முயலை மல்லாத்தித் தொடைகளுக்கு இடையில் சாய்த்துப் பிடிக்க இன்னொருவர் இருப்பது நல்லது. பெண் முயலுக்குக் காம்புகள் எட்டோ அதற்கு மேலோ இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, அந்த விரலை அதன்மேல் வைத்தபடியே சுற்றி வெட்ட வேண்டும். பாதத்து முடியை வெட்டவே கூடாது. கம்பித் தளத்துக்கு அதுதான் அதன் செருப்பு.

பழகிய கைக்கு அரை மணி நேரம். எனக்கு முதலில் இரண்டு மணி நேரம் ஆனது. முயல் சலித்துக் காலை உதைக்கத் தொடங்கினால் பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். பாதி மழித்த கோலத்தைப் பார்த்து வீட்டார் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

வெட்டிய பிறகு வரும் வாரம்

நான் வளர்த்த முயல்களில் ஒன்று இறந்தது நோயினால் அல்ல, வெட்டினால்தான். சனவரி மாதம், மேகமூட்டமான ஒரு பிற்பகல். முடி நீண்டுவிட்டதே என்ற அவசரத்தில் வெட்டிவிட்டு, வழக்கமான கூண்டிலேயே விட்டுவிட்டேன். இரவு பனி. காலையில் விறைத்துக் கிடந்தது. அது என் தவறு. போர்வையைப் பறித்த உடல் இழக்கும் சூட்டை ஈடுகட்ட முயல் அதிகமாகத் தின்ன வேண்டும். தின்று செரித்துச் சூடாக்கச் சில நாள் பிடிக்கும். ஆகவே வெட்டிய நாளிலிருந்து ஒரு வாரமாவது வைக்கோல் நிறைத்த மரப்பெட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறைக்க வேண்டும். தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டி வைக்க வேண்டும். கடுங்குளிர் மாதங்களில் முதுகில் மட்டும் ஒரு பட்டை முடியை விட்டுவைத்து, அதை இரண்டு வாரம் கழித்து எடுப்பதும் உண்டு.

சினை முயலைக் கடைசி நாட்களில் வெட்ட மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. இணை சேர்க்குமுன் வெட்டிவிடுவதே முறை. சினைக்காலம் 30, 31 நாள். ஈனும் பொழுது நெருங்கினால் தாய் தன் மார்பு முடியைப் பறித்துக் கூடு கட்டும். அந்த முடி நீளமாக இருந்தால் கண் திறக்காத குட்டிகளின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கிவிடும். ஈன்ற அன்றே கூட்டைப் பார்த்து நீள இழைகளை எடுத்துவிட்டு, முன்பு வெட்டிய பொடி முடியை இட்டுவைக்க வேண்டும். நூலுக்கு உதவாது என்று ஒதுக்கிய முதல் வெட்டு முடிக்கு இதுதான் நல்ல வேலை.

மூன்று பெட்டிகள்

வெட்டும்போதே தரம் பிரித்துவிட வேண்டும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. முதுகிலும் விலாவிலும் இருந்து வரும் நீண்ட, சுத்தமான முடி முதல் பெட்டிக்கு. கழுத்து, தொடை, வயிறு ஆகியவற்றின் குட்டை முடி இரண்டாவதற்கு. சிக்கும் கறையும் மூன்றாவதற்கு. முதல் பெட்டியில் வெட்டுமுனைகள் ஒரே பக்கம் இருக்கும்படி வரிசை வரிசையாகப் படுக்கவைத்து, இடையில் காகிதம் இட வேண்டும். அழுத்தி நிரப்பக் கூடாது. அழுத்தமும் ஈரமும் சேர்ந்தால் பெட்டிக்குள்ளேயே அது கம்பளித் தகடாகிவிடும். பெட்டிக்குள் உலர்ந்த வேப்பிலையும், பூச்சி அதிகமுள்ள வீடானால் துணியில் முடிந்த அந்துருண்டையும் போதும். ஆறு மாதத்துக்குள் நூற்றுவிடுவது நல்லது.

நூற்பு

செம்மறிக் கம்பளியை நூற்குமுன் கழுவி அதன் மெழுகை எடுக்க வேண்டும். அங்கோராவில் மெழுகு மிகக் குறைவு. சுத்தமாக வளர்ந்த முயலின் முடியைக் கழுவாமலே நூற்கலாம். இதன் மறுபக்கம் என்னவென்றால், மெழுகு இல்லாததாலும் இழையின் மேற்செதில் வழுவழுப்பாக இருப்பதாலும் ஒன்றை ஒன்று பற்றாமல் வழுக்கும். இழையின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் எடையும் குறைவு, மூச்சுவிட்டால் பறக்கும். மின்விசிறியை நிறுத்தி, மூக்கில் துணி கட்டி, கருப்பு நிற மேல்துணியை மடியில் விரித்து உட்கார வேண்டும். வெள்ளை இழை கருப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். காற்று வறண்டிருந்தால் முடி மின்னேறி விரலில் ஒட்டும்; கையை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் அடங்கும்.

கையால் சுழற்றி நூற்கும் கதிரான தக்ளியே போதும். குல்லு மூதாட்டி தக்ளியின் முனையைச் சிறு கிண்ணத்தில் ஊன்றித்தான் நூற்றார். தொங்கவிட்டால் அதன் எடையே மெல்லிய இழையை அறுத்துவிடும். ஒரு பிடி முடியை ஆள்காட்டி விரலின்மேல் மடித்துப் போட்டு, மடிப்பின் நடுவிலிருந்து ஏழெட்டு இழைகளை மட்டும் மறு கையால் உருவி, தக்ளியின் கொக்கியில் சேர்த்துச் சுழற்ற வேண்டும். விரல் இடைவெளி முடியின் நீளத்துக்குள், அதாவது ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பஞ்சு நூற்றுப் பழகியவர்கள் இழையை நீள உருவுவார்கள்; இங்கே அப்படிச் செய்தால் கையில் வெறும் பூதான் மிஞ்சும். முறுக்கு, நம் கண்ணுக்குப் போதும் என்று தோன்றும் அளவைவிடக் கூடுதலாக ஏற வேண்டும். சோதனை எளிது: நூற்ற நூலில் ஒரு முழத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தால், இழைகள் நழுவி மெலிந்தால் முறுக்குப் போதாது, விர்ரென்று நின்றால் சரி. தளர்த்தியதும் அது தானே சுருண்டு இரட்டையாக முறுக்கிக்கொள்ள வேண்டும். அப்படி இரண்டு இழைகளை எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்த்தால் முடி உதிர்வது மிகவும் குறையும்.

முழு அங்கோரா நூல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கோராவுக்குச் செம்மறிக் கம்பளியின் நெகிழ்ச்சி கிடையாது. முழுக்க அதனாலேயே பின்னிய ஸ்வெட்டர் இரண்டு குளிர்காலத்தில் முழங்கை தொங்கிப்போகும். நம் ஊர்க் குளிருக்கு அந்தச் சூடும் மிகுதி. மெரினோ என்னும் செம்மறி இனத்தின் கம்பளி 70 பங்கும் அங்கோரா 30 பங்கும் கலந்து, பல் நெருங்கிய கைச்சீப்பில் இரண்டு முறை சிக்கெடுத்து நூற்றால், மெரினோவின் பிடிப்பும் அங்கோராவின் மென்மையும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரு மஃப்ளருக்கு இந்தக் கலப்பு நூல் 100 கிராம் தாராளம். அதில் அங்கோரா 30 கிராம்தான். நல்ல ஜெர்மன் முயல் ஒரே வெட்டில் அதைப்போல ஏழெட்டு மடங்கு தரும்.

நூற்ற சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில், இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, தேய்க்காமல் அமிழ்த்தி மட்டும் எடுக்க வேண்டும். பிறகு துண்டில் வைத்து ஒற்றி, சிட்டத்தின் ஒரு முனையைப் பிடித்து மேசை விளிம்பில் நான்கைந்து முறை வீசி அடிக்க வேண்டும். அதுவரை மெலிந்த கயிறுபோலத் தெரிந்த நூலிலிருந்து, அடி விழ விழ இழை முனைகள் எழுந்து புகைபோல் சூழ்வதைப் பார்க்கலாம். இந்தப் புகை வந்து அமர இடம் வேண்டும் என்பதால், நூலின் பருமனுக்கு வழக்கமாக எடுக்கும் பின்னலூசியைவிட ஓர் அளவு பெரிய ஊசியால் தளர்வாகப் பின்ன வேண்டும். நெருக்கிப் பின்னினால் துணி அட்டைபோல் விறைக்கும். கைப்பட்டியையும் கழுத்துப் பட்டியையும் வெறும் மெரினோவில் பின்னிவிட்டால் வடிவம் நிற்கும்.

பின்னிய ஆடையைத் தொங்கவிடக் கூடாது. மடித்து, பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கழுவுவது ஆண்டுக்கு ஒரு முறை போதும், அதுவும் கையால்தான்; சலவை இயந்திரத்தில் ஒரு சுற்றுப் போனால் பெரியவர் ஸ்வெட்டர் குழந்தைக்குத்தான் ஆகும். புதிதில் முடி உதிர்ந்து கருப்புச் சேலையில் ஒட்டினால், அணிவதற்கு முந்தைய நாள் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைத்து எடுத்து, வாசலில் நின்று நன்றாக உதறிவிட்டு அணியலாம்.